வளையத்தை நிறுத்திய குங்குமம்

கோவில்பட்டியில் நான் வைத்த ஒரு குங்குமப் பொட்டு கடல் தாண்டிப் போய், ஒரு நாடே பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ராட்சச எந்திரத்தை நிறுத்திவிட்டது என்று நான் நம்பினேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, தலைமுடியை இறக்கும் அளவுக்கு நம்பினேன். அப்போது நான் பி.காம். தேறி, அப்பாவின் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். யார் வீட்டு விசேஷமானாலும் நாலு பேரைச் சிரிக்கவைத்த பிறகுதான் பந்தியில் உட்காருவேன். இவ்வளவு தகுதிகள் உள்ளவன் இப்படி நம்பலாமா என்று கேட்பீர்கள். என்னுடைய தகுதிகளுக்கும் என்னுடைய பயத்துக்கும் என்றைக்குமே பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

என் மேஜை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே குச்சி கிடையாது. பஞ்சின்மேல் ஓர் அலுமினிய முளை படுத்திருக்கிறது. அரைக் குச்சி நீளம்தான். அதன் முனையில் மிளகாய் விதை அளவுக்குக் கறுப்பாக, மினுமினுப்பாக ஒரு செதில் ஒட்டியிருக்கிறது. வெயிலில் திருப்பிப் பிடித்தால் கண்ணாடித் துண்டு மாதிரி பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் செதிலின் ஓரத்தில், பசைக்கு அடியில், சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். வருமான வரி ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் இதைக் கையில் எடுத்து, “இது என்ன அண்ணாச்சி, மூக்குத்தியா?” என்று கேட்டார். “என் மொட்டை” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் எது சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்கு வந்த வினையே அதுதான்.

முளையைக் கொடுத்தவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். அவருடைய அப்பாவுக்கும் எங்கள் அப்பாவுக்கும் தனித்தனியே தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கத்தில் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. கூரை ஒழுகும் கொட்டகையாக இருந்தாலும் அது ஆபீஸ்தான். கல்யாணம் ஆனபோது இரண்டு ஆபீஸ்கள் சம்பந்தம் செய்துகொண்டதாக ஊர் பேசியது. மாப்பிள்ளைதான் தீப்பெட்டி வழிக்கே வரவில்லை. இயற்பியல் படித்தார், மெட்ராஸ் போனார், அங்கிருந்து ஃபாரின் போய் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எழுபதுகளின் கடைசி அது. எந்த நாடு என்று கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்கு ஃபாரின் என்பதே ஒரு நாடு.

அத்தான் எதையும் முழுக் கையால் தொட மாட்டார். உளுந்தவடையைக்கூட ஓரத்தில் இரண்டு விரல் நுனியால் கவ்விப் பிடித்துத்தான் எடுப்பார். கல்யாணத்தன்று தாலியையும் அப்படித்தான் பிடித்தார் என்று அக்கா கேலி செய்வாள். டம்ளரின் விளிம்பைத் தொட மாட்டார், புத்தகத்தின் நடுப்பக்கத்தில் கைவைக்க மாட்டார். இவருக்கு ஏதோ ஆசாரம் என்று எங்கள் அம்மா மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தாள். தொழில் பழக்கம் என்று அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் செய்துகொண்டிருந்த வேலை எனக்குப் புரிந்தது, ஒரு தடவை அவர் லீவில் வந்திருந்தபோது, கழுகுமலை பஸ்ஸில். முன் சீட்டில் ஒரு பெரியவர் வாய் நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். நேர் ரோட்டில் பேசாமல் வந்தவர், பஸ் வளைவில் திரும்பியதும் சன்னலுக்கு வெளியே ஒரு வீச்சு வீசினார். அது வளைந்து திரும்பி வராமல், பஸ் போய்க்கொண்டிருந்த பழைய திசையிலேயே நேராகத் தெறித்துப் போயிற்று. அத்தான் என் தொடையில் தட்டினார்.

“பாத்தியா மச்சான்? எலக்ட்ரானும் இதே மாதிரிதான். நேராப் போவும்போது சும்மாப் போவும். வளைச்சுத் திருப்பினா துப்பிட்டுப் போவும். அந்தத் துப்பல்தான் எங்களுக்கு வெளிச்சம்.”

“அதைப் பிடிக்கவா அத்தான் இவ்வளவு தூரம் போனீங்க?”

“அதைப் பிடிக்கத்தான்.”

மீதியை ஊர் போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிட்டார். ஒரு பொருளின்மேல் ஒளியை அடித்தால் அதிலிருந்து எலக்ட்ரான் வெளியே தெறிக்கும். ஒளிமின் உமிழ்வு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தெறித்தது எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கமாக வருகிறது என்று அளந்தால், உள்ளே அது எப்படிக் குடியிருந்தது என்று சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களுக்கு வாயு விளக்குதான் கதி. அது ஒன்றிரண்டு நிறம்தான் தரும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத நிறம். ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது, வீட்டை ஒரே சன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி. அந்த நேரத்தில்தான் சிங்க்ரோட்ரான் என்ற வளையத்துப் பக்கம் இவர்களுடைய பார்வை போயிற்று. வளையத்தில் எலக்ட்ரான்கள் கண்மண் தெரியாத வேகத்தில் சுற்றும். வளைவுக்கு வளைவு ஒளியைத் துப்பும். அந்த ஒளியில் எல்லா நிறமும் உண்டு. வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு சன்னல் சன்னலாக எட்டிப் பார்க்கலாம்.

சங்கடம் என்னவென்றால், வளையத்தைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள். அணுவுக்குள் இருப்பதை மோதவிட்டு உடைத்துப் பார்ப்பவர்கள். வளைவில் சிந்தும் ஒளி அவர்களுக்குச் சுத்த நஷ்டம். ஊட்டிய சக்தி வீணாகப் போகிறதே என்று வயிறெரிவார்கள். அந்த வீணைத்தான் அத்தானும் கூட்டாளிகளும் ஓரத்தில் ஒரு குழாயைச் செருகி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டுப் பின்வாசலில் தூக்குச்சட்டியோடு நிற்பவனுக்கு என்ன மரியாதையோ அதுதான் இவர்களுக்கும். மிஷின்காரர்கள் தங்களுக்குத் தோன்றினால் ஓட்டுவார்கள், தோன்றினால் நிறுத்துவார்கள். ஒளிக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். முறை வருகிற நாளில் மிஷின் நின்றிருந்தால் அந்த முறை போனதுதான். இப்படிக் காத்திருப்பதற்கு வெள்ளைக்காரர்கள் தவித்துப் போனார்களாம். அத்தானுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவருடைய தாத்தா புதூர்ப் பக்கம் கரிசலில் பருத்தி போட்டவர். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது அவர்கள் குடும்பத்துக்குப் புதிதா என்ன? “வரும்போது வரும், மச்சான்” என்பார். ஒளியையும் அப்படித்தான் சொல்வார், டவுன் பஸ்ஸையும் அப்படித்தான் சொல்வார்.

அவருடைய அப்பாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. அவரை நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். மகன் இரண்டு முறை போட்டுக் காத்திருந்து இரண்டு முறையும் வெறுங்கையோடு நின்றது அவருக்குத் தெரியும். “ஊர்க்காரன் மிஷின்ல ஒழுகுத வெளிச்சத்துக்கு நாம பாத்திரம் ஏந்திட்டு நிக்கணுமா? இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லன்னா பொட்டியைக் கட்டிட்டு வந்து ஆபீஸ்ல உக்காரு” என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. மதுரையிலிருந்து ஒரு சுழல் நாற்காலி வரவழைத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமல் வைத்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் பார்த்து, “மகன் வாராகளோ?” என்று கேட்பார்கள். “வருவான்” என்பார்.

அக்கா எதிர்க்கட்சி. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அத்தான் பட்டம் வாங்கி வேலையில் அமர்ந்ததும் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. கோவில்பட்டிச் சித்திரை வெயிலில், வியர்த்து வழிய, கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்த ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். ஆக, ஒரு பக்கம் நாற்காலி, மறுபக்கம் கம்பளிச் சட்டை. நடுவில் அத்தானுடைய மூன்றாவது முறை.

அந்த முறைக்காகவே அவர் ஊருக்கு வந்தார். பெங்களூரில் ஒரு நண்பர் உலையில் வைத்து ஒரு படிகம் வளர்த்துக் கொடுத்திருந்தார். அந்த ஈட்டில் தேறியது அது ஒன்றுதான்; இன்னொன்று வளர்ப்பதற்குள் முறை தாண்டிவிடும். போய் அதை வாங்கிக்கொண்டு, அப்படியே சரஸ்வதி பூஜைக்கு எங்கள் வீட்டில் இருந்துவிட்டுக் கிளம்புவதாக வந்தார். ஒரு சின்னச் சீசா. உள்ளே பஞ்சு. பஞ்சில் ஒரு செப்புக் குமிழின்மேல் கறுப்பாக ஒரு துணுக்கு. மேஜைமேல் வைத்து, சீசாமேல் தன் கைக்குட்டையை மூடியிருந்தார். யாரும் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. அவ்வளவு சின்னச் சாமானைத் தொட யாருக்குத் தோன்றும் என்று நினைத்திருப்பார். பாவம், ஃபாரினில் இருந்து இருந்து, அன்றைக்கு ஆயுதங்களுக்கு வைக்கிற பொட்டை மறந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜையன்று பொட்டு இல்லாமல் தப்பிக்கிற சாமான் கிடையாது. மருந்து முக்கும் சட்டம், பசை கிண்டுகிற அண்டா, தராசு, சைக்கிள், டெலிபோன், அரிவாள்மனை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பொட்டு வைக்காமல் விட்ட ஆயுதம் கோபித்துக்கொள்ளும், அந்த வருஷம் தொழில் நடக்காது என்பார்கள். நான் கிண்ணத்தோடு ஆபீஸையும் வீட்டையும் முழுக்கச் சுற்றி வந்தேன். அத்தான் வெளியே போயிருந்தார். அவருடைய மேஜை முன்னால் போய் நின்றேன். எல்லாருடைய தொழிலுக்கும் பொட்டு வைத்தாயிற்று. மூன்றாவது முறைக்குப் போகிற மனிதரின் ஆயுதத்தை விட்டுவிடலாமா?

“ஏலே, அவிய சாமானைத் தொடாத. கேட்டுட்டு வையி” என்றாள் அக்கா.

“சாமி காரியத்துக்கு யார்ட்டக்கா கேக்கணும்? நீ போயி பொரியை எடுத்து வையி.”

மற்றவர்களுக்கு ஒரு விரலால் வைத்தேன். அத்தானுக்குப் பிரியமாக வைக்க வேண்டும் என்று, படிகத்தைக் குமிழோடு இடது கையில் நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்திச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலையில் உட்காரவைத்தேன். மேலே ஒரு செவ்வந்திப்பூ. பார்க்க அம்மன் மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் வேட்டி நுனியால் நன்றாகத் துடைத்து, பழையபடி சீசாவில் போட்டுக் கைக்குட்டையை மூடிவிட்டேன். செய்தவரைக்கும் எனக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு விஜயதசமி. அப்பாவும் அத்தானும் நானும் தோசை சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா அடுப்படியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா மரியாதைக்குக் கேட்பது மாதிரி, “மாப்ள, இந்த வேலையில கஷ்டம்னா எது?” என்றார்.

“சுத்தம்தான் மாமா. எலக்ட்ரான் மேல்தோல்ல இருந்துதான் வரும். ரொம்ப ஆழத்துலேருந்து வராது. அதனால அந்த முகம் அப்பிடி ஒரு சுத்தமா இருக்கணும். விரல் லேசாப் பட்டாப் போதும், எங்களுக்கு அது மலை மாதிரி அழுக்கு.”

நான் என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தேன்.

“காத்தே படப்பிடாது மாமா. காத்துப் பட்டாலே அது ஒரு படலமாப் படிஞ்சிரும். அதான் எல்லாக் காத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு வெற்றிடத்துல வைக்கோம். இன்னொண்ணு. எங்க பெட்டிக்கும் அந்த வளையத்துக்கும் நடுவுல கண்ணாடிகூடக் கெடையாது. வச்சா கண்ணாடியே அந்த வெளிச்சத்தைக் குடிச்சிரும். அப்பிடியே திறந்த குழாய். எங்க பெட்டியில ஏதாவது அழுக்கு ஆவியாப் போச்சுன்னா நேரா வளையத்துக்குள்ள போயிரும். மொத்த மிஷினும் நின்னுரும். அதனாலதான் எங்களைக் கண்டா மிஷின்காரங்களுக்கு ஆவாது.”

இதற்குமேல் நான் கேட்கவில்லை. தட்டில் பாதித் தோசை கிடக்க, கொல்லைப்புறத்துக்கு ஓடினேன். சந்தனத்தில் எண்ணெய் உண்டு. குங்குமத்தில் மஞ்சள் உண்டு, சுண்ணாம்பு உண்டு. என் கட்டைவிரலில் பூஜையன்று காலையில் தின்ற நெய்ப்பொங்கல் உண்டு. துடைத்த வேட்டி, பூஜைச் சுண்டல் தின்று கை துடைத்த வேட்டி. கிணற்றடியில் நின்று அத்தனையையும் நினைத்துப் பார்த்தேன். அவ்வளவும் புகை புகையாகக் கிளம்பி ஒரு குழாய் வழியாக ஊர்ந்து போய் ஃபாரின்காரனுடைய வளையத்தை அடைப்பது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே அப்பாவும் அத்தானும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதித் தோசையைத் தின்று முடிக்கும் வரைக்கும் நான் உட்கார்ந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பிறகு ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சீசாவைத் திறந்தேன். துணுக்கின் ஓரத்தில், செதில் செதிலாக இருந்த இடுக்கில், சிவப்பு ஏறியிருந்தது. தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றித் தேய்த்தேன். சிவப்பு இன்னும் உள்ளே போயிற்று. ஊதினேன். எச்சில் தெறித்தது. இனி நான் தொடத் தொட விஞ்ஞானத்துக்குத்தான் கெடுதல் என்று மூடி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அத்தான் என் பக்கம் திரும்பினாலே நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் சாதாரணமாக, “என்ன மச்சான், சோர்ந்தாப்ல இருக்க?” என்று கேட்டால், “பொரி ஜாஸ்தி” என்பேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனபோது தைரியம் வந்தது. பெரிய மாமா, அப்பா, அக்கா, உறவுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. மெட்ராஸ் வண்டி வந்து நின்றதும் படியில் ஏறிய அத்தானிடம் சத்தமாகச் சொன்னேன்.

“அத்தான், உங்க கல்லுக்கு நான் பொட்டு வச்சிட்டேன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“நெசமாத்தான் சொல்லுதேன் அத்தான். சந்தனம் வச்சு, குங்குமம் வச்சிட்டேன்.”

“வச்சது வச்ச, பூ வச்சியா?” என்றார் அத்தான்.

“வச்சேன். செவ்வந்தி.”

அவ்வளவுதான். பெரிய மாமாவே தோளைக் குலுக்கிச் சிரித்தார். சிரித்துச் சிரித்து அத்தானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இவன் இல்லன்னா நம்ம வீட்டுல சிரிப்புக்கு ஏது வழி?” என்றார் எங்கள் சித்தப்பா. வண்டி கிளம்பியது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் முகத்தைக் கோணாமல் ஓர் உண்மையைச் சொன்னேன். அதற்குத்தான் எனக்கு அதுவரை கிடைக்காத கைதட்டல் கிடைத்தது.

ஐப்பசி மழை பெய்து, கரிசல் குழைந்து, செருப்பெல்லாம் யானைக் கால் ஆகிக்கொண்டிருந்த ஒரு நாள் ஆபீஸுக்கு ஃபோன் வந்தது. நான்தான் எடுத்தேன். அத்தானின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி வந்தது. “மச்சான்… மாமாகிட்டச் சொல்லு… வளையம் நின்னு போச்சு… என் முறை… எப்ப ஓடும்னு தெரியல…” கர்ரென்று ஒரு சத்தம். லைன் அறுந்துவிட்டது.

வளையம் நின்று போச்சு. ரிசீவரை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு வைத்தேன். ஆயுத பூஜையன்று அந்த ஃபோனுக்கும் நான்தான் பொட்டு வைத்திருந்தேன். அது மட்டும் நன்றாக வேலை செய்து இந்தச் செய்தியைக் கொண்டுவந்து கொடுத்தது. செய்தி அப்பா வழியாகப் பெரிய மாமாவுக்குப் போனது. அவர் நாற்காலியின் பிளாஸ்டிக் தாளில் படிந்திருந்த தூசியை ஒரு துணியால் தட்டிவிட்டார். அக்கா கம்பளி ஊசிகளை நூல் உருண்டையில் குத்தி, பையில் போட்டு, பையை அலமாரிக்குமேல் வைத்தாள். யாரிடம் போய்ச் சொல்வேன்? நான் போய், “இதெல்லாம் என் கட்டைவிரல் செய்த வேலை” என்றால் திரும்பவும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பில்லை. சர்வதேசப் போலீஸ் ஒன்று இருப்பதாகப் பத்திரிகையில் படித்திருந்தேன். அவர்கள் கோவில்பட்டிக்கு எந்த பஸ்ஸில் வருவார்கள் என்பதுவரை யோசித்தேன்.

யோசித்து முடித்து, கழுகுமலை பஸ்ஸில் ஏறினேன். முருகன் சந்நிதியில் வேண்டிக்கொண்டு முடியை இறக்கினேன். வேண்டுதல் பலித்த பிறகு இறக்குவதுதான் முறை என்றார் நாவிதர். “நெலமை அவசரம் அண்ணாச்சி. முன்பணமா வச்சுக்கிடட்டும்” என்றேன். அவரும் சிரித்தார்.

தலையில் சந்தனம் தடவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

“ஏலே, என்ன செஞ்சு தொலைச்ச?”

“ஸ்டேஷன்ல சொன்னது நெசம்க்கா.”

சுருட்டை முடி என்றால் எனக்கு உயிர் என்று அவளுக்குத் தெரியும். வாய்ச்சொல்லை நம்பாதவள் மொட்டையை நம்பினாள். நான் முழுதும் சொன்னேன். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வா ஆபீஸுக்கு. ட்ரங்க் கால் போடு. அவியட்ட நானே சொல்லுதேன். எங்க தப்புன்னா எங்க தப்புன்னு அங்கன உள்ளவனுக்கும் தெரியட்டும். அவிய பேரு கெடப்பிடாது” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் அந்த நாட்டுக்காரனோடு நேரடியாகச் சண்டைக்கே தயாராக இருப்பது தெரிந்தது.

கால் கிடைக்கும் வரை அக்கா ஃபோன் பக்கத்தை விட்டு அசையவில்லை. அப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். மணி அடித்ததும் அவள் பிடுங்கிக் கத்தினாள். கத்தினால்தான் கடல் தாண்டும் என்று எங்களுக்கெல்லாம் நம்பிக்கை.

“நான்தான் பேசுதேன்! தம்பி உங்க கல்லுக்குப் பொட்டு வச்சிட்டான்! பொட்டு! குங்குமம்! கல்லுல! ஆமா, நெசம்தான்! மொட்டை போட்டிருக்கான்! அதனாலதான் வளையம் நின்னுச்சா?”

சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. அத்தான் சிரித்தார். ஸ்டேஷனில் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. அக்கா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

“மிஷின்ல காந்தத்துக்குக் குளிர்த் தண்ணி போற குழாய் வெடிச்சிருச்சாம்… அதை மாத்துதாங்களாம்… கல்லை இன்னும் பெட்டிக்குள்ளயே வைக்கலையாம், சீசாவுலதான் இருக்காம்… சீசாவைத் திறந்தப்பவே குங்குமத்தைப் பாத்துட்டாகளாம். ஸ்டேஷன்ல இவன் சொன்னது நெசம்தான்னு அப்பதான் தெரிஞ்சுதாம். அசிட்டோன்ல கழுவிட்டாகளாம், இடுக்குல ஏறுனது மட்டும் போகலையாம்… அந்த மேல் முகத்தை யாரும் அளக்கவே மாட்டாகளாம். அதுமேல ஒரு முளையை ஒட்டி, வெற்றிடத்துக்குள்ள வச்சு ஒரே தட்டாத் தட்டினா மேல்தோல் உரிஞ்சு முளையோட வந்துருமாம். அடியில காத்தே படாத புது முகம் இருக்குமாம். அதைத்தான் அளப்பாகளாம்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதைத்தானே அன்னைக்குத் தோசை திங்கும்போதே மாப்ள சொன்னாவ? மைக்கா மாதிரி அடுக்கு அடுக்கா உரியும், மேலே இருக்கது காத்துக்குச் சொந்தம், நமக்கு வேண்டியது அடியிலன்னு. நீ எங்கலே போன?”

“கொல்லைக்கு” என்றேன்.

அதற்கு வந்த சிரிப்பு இரண்டு கொட்டகைக்குக் கேட்டிருக்கும். எக்ஸ்சேஞ்சில் இருந்தவரும் முழுதும் கேட்டிருக்கிறார் என்பது மறுநாள் டீக்கடையில் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் தெருவில் போனால், “கல்லுக்கு வளைகாப்பு எப்ப?” என்று கேட்காத ஆள் இல்லை. என் தொழிலை ஊரே எடுத்து எனக்கே செய்தது.

மிஷின்காரர்கள் குழாயை மாற்றி வளையத்தை ஓட்டினார்கள். அத்தானோடு முறை போட்டிருந்தவர்களில் ஒருவர் அலுத்துப்போய் ஊருக்குப் போயிருந்தார். அந்த முறையும் சேர்ந்து அத்தானுக்கே கிடைத்தது. உட்கார்ந்திருந்தவருக்குத்தான் கிடைக்கும், கரிசல்காட்டில் அதுதான் சட்டம். முளையைத் தட்டினார். உரிந்தது. எலக்ட்ரான்கள் வேகம் வேகமாக, கோணம் கோணமாக வந்து விழுந்தன. ஒளியின் நிறத்தை மாற்ற மாற்ற, ஒரு விளக்கிலும் தெரியாத விஷயம் அதில் தெரிந்தது என்றார். என்ன தெரிந்தது என்று எனக்கு இரண்டு தடவை விளக்கினார். இரண்டு தடவையும் நான் எழுந்து ஓடாமல் கேட்டேன். புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

பட்டம் வந்தது. அக்கா அலமாரியின்மேல் இருந்த பையை இறக்கி, பின்னி முடித்த கம்பளிச் சட்டைகளோடு விமானம் ஏறினாள். அங்கே போய்ப் பார்த்தால் அந்தக் குளிருக்கு அது பனியன் மாதிரிதான் இருந்ததாம். எண்பதுகளில் காலம் மாறியது. வீணாகச் சிந்துகிற ஒளி என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, அந்த ஒளிக்காகவே வளையங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். அப்படி ஒன்றில்தான் அத்தான் வேலைக்குச் சேர்ந்தார். பின்வாசலில் நின்றவர்கள் பந்தியில் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

பெரிய மாமா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது நாற்காலியின் பிளாஸ்டிக் தாளைத் தானே கிழித்துக்கொண்டிருந்தார். “அவன் வர மாட்டான்லே. நீ உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வளைவில் நான் எதையும் துப்பவில்லை. இப்போது இதை எழுதுவதும் அதே நாற்காலியில் இருந்துதான். எண்ணெய் விட்டு விட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முடி பழையபடி சுருட்டையாக முளைத்து, இப்போது வேறு காரணத்துக்காகத் தானாகவே கொட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த தடவை ஊருக்கு வந்தபோதுதான் அத்தான் சட்டைப் பையிலிருந்து அந்த முளையை எடுத்தார், வழக்கம்போல இரண்டு விரல் நுனியால். “உன் ஆயுதம், மச்சான்” என்று நீட்டினார். நான் ஆபீஸிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்துப் பஞ்சு வைத்து அதில் போட்டேன். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று பெட்டியைத் திறந்து சாமி முன்னால் வைப்பேன். பொட்டு வைப்பதில்லை; ஏற்கெனவே இருக்கிறது.

இன்றைக்கும் திறந்து பார்த்தேன். செதில் மின்னுகிறது, ஓரத்தில் சிவப்பு அப்படியே இருக்கிறது. நடந்தது இவ்வளவுதான்: வளையம் நின்றது தண்ணீர்க் குழாய் வெடித்ததால். நான் பொட்டு வைத்த முகத்தை முளையோடு தட்டி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அதற்கு அடியில் இருந்த முகத்தை அளந்தார்கள்.